மூன்றாம் மாடி, மாதம் 45 பிராங்க்

‘மதாம் பொவாரி’ நாவலில் எம்மாவைக் கொன்றது எது என்று கேட்டால் பெரும்பாலான வாசகர்கள் காதல் என்பார்கள். ஃப்ளோபேர் வைத்திருக்கும் கணக்கு வேறு. லெரோ என்ற ஜவுளி வியாபாரி சிரித்த முகத்தோடு கடனுக்குத் துணி தருகிறான். சீட்டில் கையெழுத்து வாங்குகிறான். தவணை தப்பினால் இன்னொரு சீட்டு எழுதிப் பழையதைப் புதுப்பிக்கிறான். கடைசியில் 8,000 பிராங்குக்கு ஜப்தி நோட்டீஸ் வருகிறது, ஒரு நாள் கெடுவோடு. எம்மா தன் பழைய காதலன் ரொடோல்ஃபைத் தேடிப் போகிறாள். காதல் காட்சியாகத் தொடங்கும் அந்தச் சந்திப்பு 3,000 பிராங்க் கைமாற்றுக் கேட்பதில் வந்து நிற்கிறது. அவன் இல்லை என்கிறான். அதற்குப் பிறகுதான் ஆர்செனிக்.

ஃப்ளோபேர் இந்த நாவலை எழுத ஏறக்குறைய ஐந்து வருடம் எடுத்துக்கொண்டார். 1857இல் அது ஒழுக்கக்கேடானது என்று நீதிமன்றம் ஏறி, விடுதலையும் ஆனது. எழுதப் பழகிய நாட்களில் நான் செய்த பயிற்சி ஒன்று உண்டு. காதல் பத்திகளையெல்லாம் தாண்டிவிட்டு, பணம் வரும் இடங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டு அந்த நாவலை வாசித்தேன். கதை எங்கும் அறுபடாமல் ஓடியது. காதல் பத்திகளை மட்டும் வாசித்தபோது அப்படி ஓடவில்லை.

எனக்கும் பிரான்சுக்கும் இடையில் பல காலமாக இருந்துவரும் உறவு இந்தப் பென்சில் கோட்டில் இருக்கிறது. பிரெஞ்சு மோகம் என்றதும் ஒயின், வாசனைத் திரவியம், ஈபிள் கோபுரம் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். எனக்குப் பிடித்துப்போனது அந்த மக்களின் வேறொரு குணம். அன்றாட வாழ்க்கையை அவர்கள் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். சாப்பாடு, வாடகை, ரொட்டி, மாடிப்படி எதையும் இலக்கியத்துக்குக் கீழானதாக அவர்களுடைய நாவலாசிரியர்கள் நினைக்கவில்லை.

முதலில் என்னைப் பிடித்தது காம்யுவின் ‘அந்நியன்’. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழாக்கி க்ரியா வெளியிட்ட புத்தகம். அம்மா இறந்த தந்தி வந்த உடனே அதன் நாயகன் முதலாளியிடம் இரண்டு நாள் லீவு கேட்கிறான். முதலாளியின் முகம் கோணுகிறது. துக்கத்துக்குப் பக்கத்திலேயே லீவுக் கணக்கு. அழுகை இல்லாத அந்தப் பக்கம் அழுகையை விட அதிகமாக என்னைத் தொந்தரவு செய்தது. அந்தத் தொந்தரவுக்குக் காரணம் தேடித்தான் பின்னோக்கிப் போய் பால்ஸாக்கிடம் சேர்ந்தேன்.

1835இல் புத்தகமான ‘பேர் கோரியோ’ ஒரு மட்டமான சாப்பாட்டு விடுதியில் நடக்கிறது. சேமியா, மாவு வியாபாரத்தில் சம்பாதித்து ஓய்ந்த கோரியோ, வருடத்துக்கு 1,200 பிராங்க் கொடுத்து முதல் மாடியில் வசதியாகக் குடியேறுகிறார். கொஞ்ச நாளில் 900 பிராங்க் அறைக்காக இரண்டாம் மாடி ஏறுகிறார். பிறகு மூன்றாம் மாடி, மாதம் 45 பிராங்க். பெரிய இடத்தில் கட்டிக்கொடுத்த இரண்டு மகள்களும் அவரைக் கரைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை பால்ஸாக் முதலில் சொல்வதே இல்லை. மனிதர் மாடி ஏற ஏற வாழ்க்கையில் இறங்குகிறார். விடுதிக்காரியும் மற்றக் குடித்தனக்காரர்களும் கிழவர் ரகசியமாகப் பெண்களை வைத்திருக்கிறார் என்று வம்பு பேசுகிறார்கள். வாடகை உண்மையைச் சொல்கிறது, வாய் பொய் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் வாசகன் உட்கார்ந்து துப்புத் துலக்குகிறான். இதைவிடச் சிக்கனமான கதை உத்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பால்ஸாக்குக்கு இது ஏட்டுப் படிப்பில் வரவில்லை. அச்சகம் நடத்தி நொடித்துப்போய், வாழ்நாள் முழுக்கக் கடனாளியாக இருந்தவர். 1840 முதல் 1847 வரை பாஸி பகுதியில் வீட்டு வேலைகளைக் கவனித்த பெண்ணின் பெயரை வைத்துக்கொண்டு குடியிருந்தார். அந்த வீட்டுக்கு இரண்டு தெருக்களில் வாசல். கடன்காரர் ஒரு வாசலில் வந்தால் மறுவாசலில் நழுவலாம். இன்று அது அவருடைய நினைவில்லம். இந்தக் கணக்குப் புத்தி எந்த வீட்டில் குடியிருந்தது என்று பார்க்க விரும்பும் எழுத்தாளர் அங்கே போகலாம்.

பாரிஸின் பழைய கட்டடங்களைத் தெருவிலிருந்து அண்ணாந்து பார்ப்பது எனக்கு அலுக்காத பொழுதுபோக்கு. ஓஸ்மான் 1853 முதல் 1870 வரை நகரத்தை இடித்துக் கட்டிய காலத்துக் கட்டடங்களில் இரண்டாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் நீளமான பால்கனி ஓடும். இரண்டாம் மாடி பணக்காரருடையது: தெருச் சத்தத்துக்கு மேலே, ஆனால் அதிகம் படியேற வேண்டாம். மேலே போகப்போக வாடகை குறையும், கூரை தாழும். உச்சியில், கூரைக்கு அடியில், வேலைக்காரப் பெண்களின் அறைகள். அவர்களுக்குப் பின்பக்கம் தனிப் படிக்கட்டு. தரையில், வருவோர் போவோரைக் கண்காணித்தபடி கன்சியெர்ஜ் என்கிற வாயில் காவல்காரி. லிஃப்ட் வந்த பிறகு இந்த வரிசை மெல்லத் தலைகீழானது. வெளிச்சமும் காட்சியும் கிடைக்கிற மேல்மாடிக்கு மவுசு வந்தது. வேலைக்காரிகளின் அறைகள் மாணவர்களுக்கும் குடியேறிகளுக்கும் வாடகைக்குப் போயின. இப்போது வீடென்று வாடகைக்கு விடும் அறை பொதுவாக 9 சதுர மீட்டராவது இருக்க வேண்டும் என்று சட்டம்.

பணக்காரரும் ஏழையும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே விலாசத்தில். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எமில் ஸோலா இந்த வசதியை விடவில்லை. ‘போ-பூய்’ (1882) நாவலில் கௌரவமான குடும்பங்கள் வாழும் ஒரு கட்டடத்தின் முன்படி போலிச் சலவைக்கல்லும் மௌனமுமாக இருக்கும். சமையலறைச் சன்னல்கள் திறக்கும் உள்முற்றத்தில் வேலைக்காரிகள் எஜமானர்களின் அசிங்கங்களைக் கூவிக்கூவிப் பேசுவார்கள். ‘லாஸ்ஸோமுவார்’ (1877) கூத்-தோர் தெருவின் பெரிய குடியிருப்பில் நடக்கிறது. சலவைக்காரி ஜெர்வேஸ் உழைத்துக் கடை வைக்கிறாள், நொடிகிறாள், கடைசியில் மாடிப்படிக்குக் கீழே உள்ள பொந்தில் கிடந்து சாகிறாள். கோரியோ மேலே ஏறி அழிந்தார், ஜெர்வேஸ் படிக்கட்டுக்கும் கீழே போனாள். திசை எதுவானாலும் இருவருடைய வீழ்ச்சியையும் படிக்கட்டால் அளந்துவிட முடிகிறது.

அதே நாவலின் நட்டநடுவில், 13 அத்தியாயங்களில் ஏழாவதாக, ஒரு வாத்து விருந்து வருகிறது. ஜெர்வேஸ் கையில் காசில்லாமல் அடகு வைத்து ஊருக்குச் சோறு போடுகிறாள். அவளுடைய பெருமையின் உச்சமும் வீழ்ச்சியின் தொடக்கமும் அந்த ஒரே மேசையில். பிரெஞ்சுக்காரர்களின் விருந்து முறையை 2010இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, பசியைத் தூண்டும் மதுவில் தொடங்கிக் குறைந்தது நான்கு சுற்றாகப் பரிமாறும் ஒழுங்கைத்தான் அடையாளமாகச் சொன்னார்கள். எழுதுகிறவன் கண்ணுக்கு அந்தச் சுற்றுகள் ஒரு கடிகாரம். சூப்பு வரும்போது உபசாரம், இறைச்சி வரும்போது அரசியல், பாலாடைக்கட்டி வரும்போது பழைய சண்டை. தட்டு மாறும் இடைவெளியில் பேச்சையும் திருப்பிவிடலாம். எல்லாமே ஒரே இலையில் விழுந்துவிடுகிற நம் பந்தியில் இந்த வசதி இல்லை. அதனால் என் நாவல்களில் முக்கியமான பேச்சுகளைச் சாப்பிடும்போது வைப்பதில்லை. கை கழுவப் போகும்போது வைக்கிறேன்.

ஸோலா தன் கணக்குகளைக் கற்பனையில் போடவில்லை. ‘ஜெர்மினால்’ எழுதுவதற்காக 1884இல் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த அன்ஸேன் சுரங்கப் பகுதிக்குப் போய், உள்ளே இறங்கி, குறிப்பெடுத்துத் திரும்பினார். கூலி, வீட்டு அமைப்பு, விளக்கு, இருமல், குதிரைகள். அப்படியே எழுதியிருந்தால் அரசாங்க அறிக்கையாகத்தான் முடிந்திருக்கும். நல்ல கணக்கைச் சேர்த்த பிறகு அதில் எதைச் சொல்லாமல் விடுவது என்கிற தேர்வில்தான் கலை இருக்கிறது. ஸோலாவே சில இடங்களில் கணக்கைக் கொட்டிவிடுவார். அந்தப் பக்கங்களில் எனக்கும் தூக்கம் வரும்.

கொட்டாமல் அடுக்கியவர் ழார்ழ் பெரெக். 1978இல் வந்த அவருடைய பெரிய நாவலின் தலைப்புக்கு ‘வாழ்க்கையைப் பயன்படுத்தும் முறை’ என்று பொருள். பாரிஸ் கட்டடம் ஒன்றின் முன்சுவரைக் கழற்றிவிட்டு, எல்லா அறைகளையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. பத்துக்குப் பத்துக் கட்டங்களாக அந்தக் கட்டடத்தைப் பிரித்து, சதுரங்கக் குதிரை தாவுகிற வரிசையில் அறை அறையாகப் போகிறார். 1974 அக்டோபரில் அவர் வேறொரு சோதனையும் செய்தார். மூன்று நாள் ஸேன்-சுல்பீஸ் சதுக்கத்துக் கஃபேக்களில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார்: பஸ், புறா, குடை, கையில் ரொட்டியோடு போகிறவர். விசேஷமான எதையும் எழுதவில்லை.

இதை ஒரு விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. பெரெக்கின் தந்தை 1940 போரில் இறந்தார்; தாயை 1943இல் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். சாதாரணமாக இருந்த எல்லாமே ஒரு குழந்தையின் கைக்கு எட்டாமல் மறைந்துபோனது. பட்டியல் போடுவது அவருக்குப் பற்றிக்கொள்ளும் வழி. அதே பயிற்சியை நம் ஊர் பஸ் நிலையத்தில் செய்து பார்த்திருக்கிறேன். முதல் மணி நேரம் கண் வித்தியாசமானதைத் தேடும். அது அலுத்த பிறகுதான் சாதாரணம் தெரியத் தொடங்கும்: டைம் கீப்பரிடம் கண்டக்டர்கள் எப்படி நிற்கிறார்கள், பூக்காரம்மா எந்த பஸ் வந்தால் எழுந்திருக்கிறார்.

பாரிஸ் கஃபேயில் இன்னொரு பாடமும் உண்டு. பல கடைகளில் ஒரே காப்பிக்குக் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் கூடுதல் விலை. நாற்காலிக்குக் கொடுக்கும் அந்தக் கூடுதல் காசு, தெருவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கான கட்டணம். புத்தகத்தின் விலையிலும் அவர்களுக்கு இந்தக் கறார் உண்டு. 1981இல் வந்த சட்டப்படி புதுப் புத்தகத்தை எந்தக் கடையும் 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடியில் விற்க முடியாது. சின்னப் புத்தகக் கடையும் பெரிய அங்காடியோடு போட்டியில் நிற்கலாம். அந்த நாட்டின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசின் தொகையோ 10 யூரோ. விற்பனை மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

அன்றாடத்தைக் கணக்கெடுக்கும் இந்த மரபில் என் மனசுக்கு மிக நெருங்கியவர் ஆன்னி எர்னோ. 2022இல் நோபல் பெற்றவர். நார்மண்டியில், இவ்தோ என்ற சிறுநகரத்தில், அப்பா அம்மா நடத்திய கஃபேயும் மளிகையும் சேர்ந்த கடையில் வளர்ந்தார். பண்ணையாளாகவும் ஆலைத் தொழிலாளியாகவும் இருந்து கடைக்காரரான தந்தையைப் பற்றிய அவருடைய சின்னப் புத்தகம் 1984இல் ரெனோதோ பரிசு பெற்றது. அலங்காரமே இல்லாத நடை. படித்துப் பெரிய இடத்துக்குப் போன மகள், அப்பாவின் பேச்சை, கையை, பயத்தை எழுதுகிறாள். உருகினால் அவர் மேல் இரக்கம் வந்துவிடும். இரக்கம் அவரைக் கீழே இறக்கிவிடும். கடைக் கணக்கைப் போல எழுதினால் அவர் நிமிர்ந்து நிற்பார். மரியாதை என்பது நடையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஜெர்வேஸ் செத்த கூத்-தோர் தெருவிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் லா ஷப்பேல். தமிழ்க் கடைகள், கொத்துரொட்டி, வேட்டி சேலை, நகை. ஈழத்திலிருந்து வந்தவர்கள் பலர் பாரிஸ் உணவகங்களின் சமையற்கட்டுகளில் நின்றுதான் காலூன்றினார்கள். அந்த நகரத்திலிருந்து தமிழில் எழுதும் ஷோபாசக்தி, கான் விழாவில் 2015இல் தங்கப்பனை வென்ற ‘தீபன்’ படத்தில் நாயகனாக நடித்தார். அந்தக் கதாபாத்திரத்துக்குப் படத்தில் கிடைக்கும் வேலை புறநகர்க் குடியிருப்பு ஒன்றின் காவலாளி வேலை. பால்ஸாக்கும் ஸோலாவும் வரைந்த அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இப்போது நம்மவர். அந்தப் படிக்கட்டு கீழிருந்து எப்படித் தெரிகிறது என்பதை இனி தமிழில் எழுதுகிறவர்கள்தான் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தக் கட்டடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம் ஊரில் வைக்க முடியாது. அங்கே மேலும் கீழுமாக அடுக்கியதை இங்கே தெருத் தெருவாகப் பிரித்திருக்கிறோம். யார் எந்தத் தெரு என்பதை வாடகை தீர்மானிப்பதில்லை, சாதி தீர்மானிக்கிறது. ஒரே படியில் எதேச்சையாக எதிர்ப்படும் வாய்ப்பு நம் பாத்திரங்களுக்குக் கிடையாது. ஆகவே அவர்கள் சந்திக்கும் இடத்தை நான் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது: ரேஷன் கடை வரிசை, அரசு ஆஸ்பத்திரித் தாழ்வாரம், பத்திரப்பதிவு அலுவலகப் பெஞ்சு.

கணக்கு எழுதுவதும் நமக்குப் புதிதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வரவு, சரக்கு, பரிசுகள், யாருக்கு என்ன மரியாதை நடந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. பால்ஸாக் பிறப்பதற்கு முன்பே பிரெஞ்சுக்காரர்களைக் கணக்கெடுத்த தமிழர். பிரபஞ்சன் அதிலிருந்துதான் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களை எடுத்தார்.

எனவே புதிய நாவல் தொடங்கும்போது முதலில் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொருவருக்கும் சில கேள்விகள் எழுதுகிறேன். எங்கே தூங்குகிறார்? அதற்கு எவ்வளவு கொடுக்கிறார், யாரிடம்? யாருக்குக் கடன்? எந்த வாசலால் உள்ளே போகிறார்? என் நாவல் ஒன்றில் ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் எழுத்தர் ஒருவர் நெடுநாள் வாயே திறக்கவில்லை. அவருடைய பென்ஷனையும், கூட்டுறவு வங்கியில் மனைவியின் சங்கிலி அடகில் இருப்பதையும் எழுதி முடித்த அன்று, மருமகனிடம் அவர் காட்டும் பணிவின் காரணம் எனக்குப் புரிந்தது. பேசத் தொடங்கிவிட்டார். அந்தத் தாளில் இருப்பதில் பாதிகூட அச்சுக்குப் போவதில்லை. ஆனால் பாத்திரம் என்னிடம் பொய் சொல்லும்போது எனக்குத் தெரிந்துவிடுகிறது.