‘பென்சிலின் ஆகாது’ என்று சொன்னால் மட்டும் போதுமா?

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வசிக்கும் அந்த அம்மாவுக்கு வயது 58. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்வது, “எனக்குப் பென்சிலின் ஆகாது.” பத்து வயதில் ஊசி போட்ட மறுநாள் உடம்பெல்லாம் தடிப்பு வந்ததாம். அவருடைய அம்மா சொன்னது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல்லில் சீழ் வைத்து கன்னம் வீங்கிவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக் கடைக்குப் போனார்.

“பென்சிலின் வேண்டாம்ப்பா.”

“இது வேற மாத்திரைம்மா” என்று ஓர் அட்டையைக் கொடுத்தார் கடைக்காரத் தம்பி.

வீட்டில் மகள் அட்டையின் பின்பக்கத்தைப் படித்தாள். ‘அமாக்ஸிசிலின்’ என்றிருந்தது. செல்போனில் தேடினாள். அதுவும் பென்சிலின் குடும்பம்தான்! மாத்திரையைத் தொடவிடவில்லை.

மறுநாள் காவிரிப் பாலம் தாண்டி, தில்லைநகரில் ஒரு பல் மருத்துவரைப் பார்த்தார்கள். ‘அலர்ஜி’ என்றதும் அவர் சீட்டு எழுதிவிடவில்லை. “ஊசி போட்டு எவ்வளவு நேரத்துல வந்தது? மூச்சுத் திணறல், முக வீக்கம், மயக்கம் இருந்ததா?” என்று கேட்டார்.

“தடிப்பு மட்டும்தான் டாக்டர்.”

“மாற்று மருந்துன்னா பயமில்லைதானே?” என்றாள் மகள்.

“அப்படிச் சொல்ல முடியாதும்மா” என்று விளக்கினார். அசித்ரோமைசின் சிலருக்கு இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கும். கிளிண்டாமைசின் கடுமையான வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை, தசைநாண்களைப் பாதிக்கலாம். செஃபலோஸ்போரின் வகை, பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களில் 10 சதவிகிதம் பேருக்கு ஒத்துக்கொள்ளாது என்று முன்பு நினைத்தார்கள். இப்போது சுமார் 2 சதவிகிதம்தான் என்கிறார்கள். ஆனாலும், அதில் எது யாருக்குச் சரி என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதய நோய் உண்டா, வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்று விசாரித்து, சீழை வெளியேற்றிய பிறகே மருந்து எழுதினார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்:

“பென்சிலின் அலர்ஜின்னு சொல்ற 100 பேரைப் பரிசோதிச்சா, 90 பேருக்கு மேல அது இருக்கறதே இல்லை. இருந்தவங்களுக்கும் 10 வருஷத்துல பெரும்பாலும் போயிடும். ஆனா, வீட்டுல நீங்களே சாப்பிட்டுப் பார்த்துடாதீங்க. அவசர சிகிச்சை வசதி இருக்கற ஆஸ்பத்திரியில, அலர்ஜி டாக்டர்கிட்டதான் பார்க்கணும்.”

திரும்பும் பஸ்ஸில் மகள் ஒரு சீட்டு எழுதி அம்மாவின் பர்ஸில் வைத்தாள். ‘10 வயதில் பென்சிலின் ஊசி. மறுநாள் தடிப்பு. மூச்சுத் திணறல் இல்லை. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலினும் வேண்டாம்.’

அலர்ஜி பரிசோதனைக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். 48 வருடங்களாக அந்த அம்மா நம்பிவந்த ஒரு வரி உண்மையா என்று அன்று தெரிந்துவிடும். அதுவரை சீட்டு பர்ஸிலேயே இருக்கட்டும்!