சிறுத்தை எங்கிருந்து வந்துச்சு மச்சி?

அம்பத்தூர் எஸ்டேட்டில் காலை ஏழரை மணிக்கு நின்று பார்த்திருக்கீங்களா? நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கி வழிகிற ஒரு கூட்டம், டே ஷிஃப்ட்டுக்கு ஓடுகிற இன்னொரு கூட்டம், நடுவில் "டன்லப், கனரா பேங்க், ஓ.டி... ஏறு ஏறு!" என்று ஷேர் ஆட்டோ அண்ணன்களின் சுப்ரபாதம். டன்லப் கம்பெனியை இழுத்து மூடி வருஷக்கணக்கில் ஆகிறது. ஸ்டாப்புக்கு மட்டும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது பாருங்க!

இந்த வாரம் இங்கிருந்து ஆவடி, ஆவடியிலிருந்து பூந்தமல்லி. பாக்கெட் மணியிலேயே முடிகிற டூர். பையில் தண்ணீர் பாட்டிலோடு ஒரு தடிமனான புத்தகத்தையும் போட்டுக்குங்க... 'ஏழு தலைமுறைகள்'. அலெக்ஸ் ஹேலி 1976-ல் எழுதிய 'ரூட்ஸ்' நாவல், ஏ.ஜி.எத்திராஜுலுவின் தமிழில். "ஆவடி பஸ்ஸுக்கும் அமெரிக்க அடிமைகளுக்கும் என்ன பாஸ் சம்பந்தம்?"னு கேட்பீங்க. இருக்கு, வாங்க.

கூட ஒரு ஃப்ரெண்டும் இருந்தா நல்லது. என்னோடு வந்தவன் என் க்ளாஸ்மேட். சொந்த ஊர் தான்சானியா. இரண்டு வருஷத்தில் அவன் கற்றுக்கொண்ட தமிழில் பாதி "மச்சி", மீதி பரோட்டா ஆர்டர் பண்ணத் தேவையான வார்த்தைகள்.

அம்பத்தூரில் ரயில் ஏறினால் திருமுல்லைவாயல், அண்ணனூர், அப்புறம் ஆவடி. சிக்னலில் நம்ம லோக்கல் ட்ரெயின் நிற்கிற அழகுக்கு ஒரு அத்தியாயம் ஓட்டிடலாம். காம்பியா நாட்டுப் பையன் குண்டா கின்டே. மத்தளம் செய்ய மரம் தேடிக் காட்டுக்குள் போனவன் பிடிபடுகிறான். கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு அமெரிக்கா போய் இறங்குகிறான். அங்கே அவனுக்கு 'டோபி' என்று பேர் வைக்கிறார்கள். அவன் மனசுக்குள் மட்டும் கடைசிவரை குண்டாவாகவே இருக்கிறான். பேரப்பிள்ளைகள் வரை அந்தப் பேர் போய்ச் சேருவதுதான் மொத்தக் கதையும்.

ஒரு விஷயம். இதை நாவலாகவே படிங்க. ஹேலி சொன்ன குடும்ப மரத்துக்கு ஆதாரம் போதாது என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். இன்னொரு எழுத்தாளரின் நாவலிலிருந்து சில பகுதிகள் வந்துவிட்டன என்று வழக்காகி, 1978-ல் சமரசமும் ஆனது. ஆனாலும் அந்தக் கப்பல் அத்தியாயங்களைப் படித்துவிட்டு ட்ரெயினில் சமோசா சாப்பிட முடியாது. அது கேரன்டி!

ஆவடியில் என் நண்பனுக்கு டாங்க் பார்க்கணும். தொழிற்சாலைக்குள் நம்மை யார் விடுவார்கள்? வெளியிலிருந்தே டாட்டா காட்டிவிட்டு பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினோம். பருத்திப்பட்டு ஏரி வரும்போது ஜன்னல் பக்கம் பாருங்க. இன்றைக்கு வாக்கிங் போகிற இடம். ஆனால் இந்தப் பக்கத்து ஏரிகளெல்லாம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சத்தான் வெட்டப்பட்டவை. அந்த வயல்களில் சேற்றில் இறங்கியது யார்?

அப்போது இந்த ஏரியா முழுக்க செங்கல்பட்டு மாவட்டம். 1891-ல் அங்கே கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், மாவட்டத்தின் பறையர் மக்களைப் பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார். 1843-ல் அடிமை முறையைச் சட்டம் ஒழித்துவிட்டது, ஊருக்குள் ஒழியவில்லை. உழைக்கிறவர் குடிசை போட்டிருக்கிற மனைகூட மிராசுதார் கையில். எதிர்த்துப் பேசினால் வேலையோடு வீடும் போச்சு. இந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1892-ல் பஞ்சமி நிலம் கொடுக்க அரசு உத்தரவு போட்டது. 'அசுரன்' பார்த்தவங்களுக்கு இந்த வார்த்தை ஞாபகம் இருக்கும். பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் அந்த மக்களுக்குள்தான் விற்கலாம் என்று கண்டிஷன். அப்படியும் ஏராளமான நிலம் கை மாறிப் போனது. 1994-ல் செங்கல்பட்டு அருகே காரணையில் அதைத் திருப்பிக் கேட்டுப் போராடியபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

இதை அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் நண்பன், "நாற்பது ஏக்கர்!" என்றான். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியப் போகிற நேரம், 1865 ஜனவரி. விடுதலையான அடிமைக் குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை நிலம் என்று ஜெனரல் ஷெர்மன் உத்தரவு போட்டார். அதே வருஷம் புது ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன், அந்த நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். நம்மூர்லயாவது கை மாற கொஞ்ச காலம் எடுத்துக்கிட்டாங்க!

சென்னீர்குப்பம் தாண்டினால் பூந்தமல்லி. மெட்ரோ தூண், சுவர், ட்ரான்ஸ்ஃபார்மர் என்று எதையும் விட்டுவைக்காத போஸ்டர்கள். நடுவே நீலமும் சிவப்புமாக, நட்சத்திரத்தோடு ஒரு கொடி. ஒரு போஸ்டரில் பாயும் சிறுத்தை.

"மச்சி, வகாண்டா?"

சிரிப்புதான் வந்தது. ஆனால் அவன் கேள்வி அவ்வளவு தூரம் தப்பில்லை. 1965 தொடங்கும்போது அலபாமாவின் லௌண்டஸ் கவுன்டியில் பத்தில் எட்டுப் பேர் கறுப்பினத்தவர். வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருத்தர் பேர்கூட இல்லை! போராடிப் பேர் சேர்த்து, தனிக் கட்சி ஆரம்பித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கட்சிக்குச் சின்னம் வேண்டும் என்பது அங்கே சட்டம். வெள்ளையர் கையில் இருந்த மாநில ஜனநாயகக் கட்சிக்குச் சேவல் சின்னம். இவர்கள் எடுத்தது கருஞ்சிறுத்தை. சேவலும் சிறுத்தையும் மோதினால் என்ன ஆகும் என்று உதயசூரியன், இரட்டை இலை பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கவுரை வேணுமா?

அந்தச் சிறுத்தையை 1966 அக்டோபரில் ஓக்லண்ட் நகரில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் வாங்கிக்கொண்டு 'பிளாக் பேந்தர்' கட்சி தொடங்கினார்கள். 1972-ல் மும்பையில் நாமதேவ் தசால், ஜெ.வி.பவார் போன்ற இளம் எழுத்தாளர்கள் அதைப் பார்த்து 'தலித் பேந்தர்ஸ்' என்று பேர் வைத்தார்கள். 1980-களில் மலைச்சாமி மதுரைக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் 1990-ல் தொல்.திருமாவளவன் தலைமைக்கு வர, 'விடுதலைச் சிறுத்தைகள்' ஆனது. அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவதும் போடாததும் உங்க இஷ்டம். அலபாமா சிறுத்தை பூந்தமல்லி சுவருக்கு வந்த ரூட் இதுதான்.

இந்தப் போக்குவரத்து ரொம்பப் பழசு. 1873-லேயே ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். 1946-ல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்கு அவர்கள் அனுப்பிய மனுவின் நகல் கேட்டார். பதிலும் வந்தது.

எல்லாம் சரி, பூந்தமல்லி வரை நாங்கள் போன காரணத்தைச் சொல்லிடறேன். வீடு பார்க்க. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காமல் நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாடகைக்குத் தேடுகிறோம். முதல் வீட்டில் என்னிடம் கேட்டார்கள், "தம்பி, நீங்க என்ன ஆளுங்க?" பதில் சொல்லாமல் சிரித்தேன். "வெஜிடேரியன்னா பரவாயில்லை" என்று கதவு மூடியது. இரண்டாவது வீட்டு ஆன்ட்டி மாடியிலிருந்தே என் நண்பனைப் பார்த்துவிட்டார். "ஆப்பிரிக்காகாரங்களுக்கு விடறதில்லைப்பா." அவனிடம் பேசவே இல்லை, என்னிடம்தான் சொன்னார். அவன் தெருவிலேயே நின்று கேட்டான், "மச்சி, உன்கிட்ட மட்டும் ஏன் கேள்வி? நீங்க எல்லாரும் ஒரே கலர்தானே?"

பதில் சொல்ல எனக்கு வரவில்லை. பாமாவின் 'கருக்கு' (1992) சொல்லும். லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததை அவனுக்கு வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில் முடித்துவிட்டான். நீங்களும் இந்த இரண்டு புத்தகத்தையும் அடுத்தடுத்து படிங்க. ஒன்றை மட்டும் படித்தால் 'ஐயோ பாவம், அமெரிக்கா' என்று தப்பித்துக்கொள்ள வழி இருக்கிறது.

பூந்தமல்லி வந்தால் வரதராஜப் பெருமாள் கோயிலைப் பார்க்காமல் போகாதீங்க. ராமானுஜரின் ஆசான்களில் ஒருவரான திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது. நம்பி பிராமணர் இல்லை. அவர் சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிட ஆசைப்பட்டு ராமானுஜர் வீட்டுக்கு அழைத்தாராம். ராமானுஜர் வெளியே போயிருந்த நேரம் நம்பி வந்து சாப்பிட்டுக் கிளம்பிவிட, மனைவி மிச்சத்தை ஒழித்து, இடத்தைக் கழுவி, குளித்துவிட்டுப் புதுசாகச் சமைத்தார் என்பது கதை. கோயில் வாசலில் இதைக் கேட்ட நண்பன், 1960 பிப்ரவரி 1-ல் கிரீன்ஸ்பரோ ஹோட்டல் கவுன்டரில் காபி கேட்டு உட்கார்ந்த நாலு மாணவர்களைப் பற்றிச் சொன்னான். காபி தரவில்லை. கடை மூடும்வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை. நாலு பேருமே ஃபர்ஸ்ட் இயர்!

மூன்றாவது வீட்டுக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதுவரை, பூந்தமல்லி பக்கம் நாலு பேருக்கு ஒரு வீடு இருந்தால் சொல்லுங்க. ஒருத்தன் தான்சானியா. பரோட்டா நல்லா போடுவான்.