கிளிமூக்கு மாங்காயும் எங்கள் கோடையும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

திருத்தணி என்றவுடன் வெளியூரார் கேட்பது மலைப் படிகளைப் பற்றித்தான். ஆண்டின் நாட்களைப் போல் 365 படிகள் என்று நாங்களும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். சற்றுப் படித்தவர்களாயின், “டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்த ஊரல்லவா?” என்பார்கள். எங்கள் ஊர் மாங்காயைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது என்று இந்த ஆண்டு மலருக்காகப் பேனாவை எடுத்துவிட்டேன். தோழியரே, பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் பக்கத்தில் கோடை பங்குனியிலேயே தொடங்கிவிடும். முதலில் வருவது கொடுக்காப்புளி. பள்ளி விட்டுப் போகும் வழியில் வேலியோரத்து மரத்தில் தொரட்டி போட்டு இழுத்தால் சுருள் சுருளாக விழும். தொண்டையை அடைக்கும், ஆனாலும் விடமாட்டோம். அடுத்து நுங்கு. நடுவில் ஒரு நாள் மாலையில் புழுதிக் காற்றும் இடியுமாக மழை வரும். மறுநாள் காலையில் மாமரங்களின் அடியில் பிஞ்சும் காயுமாகக் கொட்டிக் கிடக்கும். பெரியவர்கள் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். எங்களுக்கோ உப்பும் மிளகாய்த்தூளும் கிடைத்தால் போதும். மே மாதத்தில் பங்கனப்பள்ளி பழுக்கும். ஆந்திராவின் பங்கனப்பள்ளி மாம்பழத்துக்கு 2017 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் தோட்டத்துப் பழத்துக்கு அந்தக் குறியீடு கிடையாது. சுவை மட்டும் உண்டு. ஜூன் பிறந்தால் கிளிமூக்கு. அதற்குப் பின் நீலம். கூடவே நாவற்பழமும் வந்து எல்லோருடைய நாக்கையும் ஊதாவாக்கிவிடும்.

எங்கள் தாத்தாவுக்கு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. அதில் 60 மரங்கள். 45 மரம் கிளிமூக்கு, 12 மரம் பங்கனப்பள்ளி, மற்ற மூன்றும் நீலம். எண்ணிக்கை எனக்கு மனப்பாடம். காரணம், தாத்தா எதையும் எண்ணாமல் இருக்கமாட்டார். காயை எண்ணுவார், கூடையை எண்ணுவார், தோப்புக்குள் வந்த ஆட்டையும் எண்ணுவார். அதிலும் ஒரு வேடிக்கை! எண்ணுவது தெலுங்கில், திட்டுவது தமிழில். “ஒகட்டி, ரெண்டு, மூடு” என்று எண்ணிக்கொண்டே வந்து, நடுவில் எங்கள் சத்தத்தால் கணக்கு தவறிவிட்டால் நல்ல தமிழில் கிடைக்கும்.

தாத்தா பிறந்தபோது எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953 இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூரோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி. அவர்களும், எங்கள் பகுதியைச் சேர்ந்த மங்கலங்கிழார், கே. விநாயகம் போன்றோரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாக, படாஸ்கர் என்பவரின் பரிந்துரைப்படி எல்லை திருத்தப்பட்டு, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. அதே திருத்தத்தில் சத்தியவேடு ஆந்திராவுக்குப் போயிற்று. தாத்தாவின் முதல் மூன்று வகுப்புகள் தெலுங்கிலும் மற்றவை தமிழிலும் நடந்தன. “கோடு நகர்ந்துச்சு, நாங்க இருந்த எடத்துலயேதான் இருந்தோம்” என்பார். சமூக அறிவியல் பாடத்தில் இதைப் படித்தபோது எனக்கு அது வெறும் தேதியாகத்தான் இருந்தது. சென்ற கோடையில்தான் அந்தக் கோடு எங்கள் தோப்புக்கு எவ்வளவு அருகில் போகிறது என்று தெரிந்தது.

சென்ற ஆண்டு, அதாவது 2025 மே மாதத்தில், என் வகுப்புத் தோழியர் மூவர் பழம் பறிக்க எங்கள் தோப்புக்கு வந்தார்கள். ஒருத்தி நகரியிலிருந்து தினமும் பள்ளிக்கு வருபவள். நகரி ஆந்திராவில் இருந்தாலும் அங்கே தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். அவளை நாங்கள் ‘நகரிக்காரி’ என்றே கூப்பிடுவோம். இன்னொருத்தி பொதட்டூர்ப்பேட்டை, நெசவாளர் வீட்டுப் பெண். மூன்றாமவள் ரயில்வே குடியிருப்பில் இருப்பவள். மாம்பழம் கடையில் காய்ப்பது என்று நினைப்பவள்!

மாங்காய் பறிப்பதைப் பலர் எளிது என்று எண்ணுகிறார்கள். உலுக்கிக் கீழே தள்ளினால் அது ஊறுகாய்க்குத்தான் ஆகும். விழுந்த பழம் வெளியே நன்றாகத் தோன்றினாலும் உள்ளே அடிபட்ட இடம் கறுத்துவிடும். நீண்ட மூங்கில் கோலின் நுனியில் சிறு கத்தியும் அதன் கீழே வலைப்பையும் கட்டியிருக்கும். காயை வலைக்குள் வாங்கி, காம்பில் கத்தியை வைத்து ஓர் இழுப்பு. காம்பு ஒரு விரற்கடை அளவாவது காயோடு இருக்கவேண்டும். காம்பு அடியோடு முறிந்தால் பால் பீறிட்டு வழிந்து, பட்ட இடமெல்லாம் தோல் வெந்ததுபோல் கறுக்கும். நம் கையிலும் கன்னத்திலும் பட்டால் அதே கதிதான். ரயில்வேக்காரி முதல் நாளே மேலே பார்த்துக்கொண்டு நின்று, மூக்கின் மேல் ஒரு புள்ளி வாங்கிக்கொண்டாள். அது ஆற ஒரு வாரம் ஆயிற்று. செவ்வெறும்பைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, நினைத்தாலே அரிக்கிறது.

பொதட்டூர்ப்பேட்டைக்காரி பறிப்பதில் சுமார்தான். ஆனால் இரண்டாம் நாள் வலை கிழிந்தபோது, பாவு நூல் அறுந்தால் முடிச்சுப் போடும் விதத்தில் நொடியில் முடிந்து கொடுத்தாள். அந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை. தாத்தா அன்று முதல் அவளை “நூல்கார அம்மா” என்று மரியாதையாக அழைக்கத் தொடங்கிவிட்டார். பேத்தியாகிய எனக்கு இதுவரை ஒரு பட்டமும் இல்லை.

பறித்த பங்கனப்பள்ளியை ஆயா பின்கட்டு அறையில் வைக்கோல் பரப்பி, காம்பு கீழ்நோக்கும்படி அடுக்கி வைப்பார். மூன்று நான்கு நாளில் அறையைத் திறக்கும்போது வருமே ஒரு மணம்! கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஆயாவுக்குச் சட்டம் தெரியாது. “கல்லு வச்ச பழத்துல வாசன ஏது கண்ணு?” என்பதே அவர் கட்சி. பழத்தை நால்வரும் பங்கிட்டு எடுத்துப் போனோம். நகரிக்காரி மறுவாரம் தன் அவ்வா போட்ட ஆவக்காய் ஒரு ஜாடி கொண்டுவந்தாள். கடுகுத் தூள் காரம் உச்சியில் ஏறியது. எங்கள் ஆயா ஒரு வாய் வைத்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குது” என்றார். எங்கள் ஆயாவிடமிருந்து வரும் பாராட்டில் இதுதான் உச்சம்.

ஜூன் 2 ஆம் தேதி பள்ளி திறந்தது. கிளிமூக்கு அப்போதுதான் முற்றிக்கொண்டிருந்தது. கிளிமூக்கு, பங்கனப்பள்ளி போல் வீட்டில் கொண்டாடப்படும் பழம் அல்ல. நுனி கிளியின் அலகுபோல் வளைந்திருக்கும். தெலுங்கில் தோதாபுரி என்பார்கள். பெங்களூரா என்றும் ஒரு பெயர் உண்டு. இதன் பெரும்பகுதி கூழ் எடுக்கும் தொழிற்சாலைகளுக்குத்தான் போகும். சித்தூர்ப் பக்கத்தில் அத்தகைய ஆலைகள் பல இருக்கின்றன. அங்கே டப்பாவில் அடைத்த கூழ் வெளிநாடுகளுக்குப் போகிறது. குளிர்பானமாகி நம் கடைக்கும் திரும்பி வருகிறது. எங்கள் தோப்புக் காயும் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பக்கம்தான் போகும்.

2025 இல் விளைச்சல் அமோகம். மரம் தாங்காமல் கிளைகளுக்கு முட்டுக் கொடுத்திருந்தோம். ஆனால் முந்தைய ஆண்டின் கூழே விற்காமல் ஆலைகளில் தேங்கிக் கிடந்ததாம். விலை சரிந்தது. ஆந்திர அரசு தன் விவசாயிகளுக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கும்படி ஏற்பாடு செய்தது. 8 ரூபாயை ஆலையும் 4 ரூபாயை அரசும் தரவேண்டும். அதோடு, வெளிமாநிலக் கிளிமூக்கு சித்தூர் மாவட்டத்துக்குள் நுழையக்கூடாது என்று ஜூன் 7 ஆம் தேதி உத்தரவு பிறந்தது. கர்நாடக முதலமைச்சர் அதை விலக்கிக்கொள்ளும்படி ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. தங்கள் ஊர்க் காயே விலைபோகாதபோது அடுத்த ஊர்க் காயை எப்படி வாங்குவார்கள்? ஆனால் நியாயம் புரிந்துவிட்டால் மரத்தில் தொங்கும் காய் குறைந்துவிடுமா?

அன்றிரவு அப்பா கணக்குப் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். காய் நாலரை டன். மண்டிக்காரர் ஒருவர் சொன்ன விலை கிலோ 4 ரூபாய். ஆக 18,000 ரூபாய். பறிகூலி ஆறு பேருக்கு, ஆளுக்கு 700 வீதம் இரண்டு நாளைக்கு 8,400. வண்டி வாடகை 3,500. நூற்றுக்குப் பத்து கமிஷன் 1,800. கையில் நிற்பது 4,300. பூ எடுத்ததிலிருந்து அடித்த மருந்துக்கு மட்டும் 12,000 ஆகியிருந்தது. இதே காய் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக் காய்த்திருந்தால் 54,000 ரூபாய். நான் அதையும் எழுதினேன். அப்பா அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டார்.

“மரத்த எடுத்துடலாம்பா. மனை போட்டா இன்னா வெல போவும் தெரியுமா?” என்று அப்பா தாத்தாவிடம் கேட்டார். இது முதல் தடவை அல்ல. ஆனால் எப்போதும் பதிலுக்குச் சண்டை போடும் தாத்தா அன்று ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். என் கல்லூரிப் படிப்புக்கு என்று ஆயா சேர்த்துவைப்பது அந்தத் தோப்புப் பணத்தைத்தான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் அன்று சொல்லவில்லை.

பள்ளியில் நானும் நகரிக்காரியும் ஒரே பெஞ்சு. அவர்கள் மாமாவுக்கும் கிளிமூக்குத் தோப்பு உண்டு. நான்கு நாட்கள் எங்கள் பேச்சில் மாங்காய் என்ற சொல்லே வரவில்லை. அல்ஜீப்ரா பற்றி அவ்வளவு பேசினோம்! ஐந்தாம் நாள் அவளே ஆரம்பித்தாள். “மாமா சொன்னார்டி. உங்க காயை எங்க டிராக்டர்ல சேர்த்துப் போட்டுக்கலாமாம். எங்க தோப்புக் காய்னு போயிடுமாம்.” எனக்குத் தலை கால் புரியவில்லை. அன்று மாலை ஓட்டமாக வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன்.

தாத்தா கேட்டார்: “அவங்க வண்டி எங்க நிக்குது இப்ப?”

நகரிக்காரி கைபேசியில் காட்டிய படத்தை விவரித்தேன். ஆலை வாசலிலிருந்து சாலை நெடுக டிராக்டர்கள். மாமா மூன்று நாளாக டிராக்டரின் கீழேயே படுத்துத் தூங்குகிறார். மேல் அடுக்குக் காய் வெயிலில் பழுத்துச் சாறு வழிகிறது.

“அவங்க காயே எறங்கல. அதுமேல நம்ம காயை ஏத்துனா அவங்க காய் எங்க போவும்? வேணாம்னு சொல்லிடு. நல்ல மனுஷன், நான் கேட்டதாச் சொல்லு” என்றார். அவ்வளவுதான். வற்புறுத்த அப்பாவுக்கும் வாய் வரவில்லை.

கூலிக்கு ஆள் வைக்காமல் முடிந்தவரை நாங்களே பறிப்பது என்று முடிவாயிற்று. ஜூன் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு. அப்பா, அம்மா, சித்தப்பா, பக்கத்துத் தோப்புக்காரர்கள், என் மூன்று தோழியர். மே மாதத்துச் சிரிப்பும் கும்மாளமும் இல்லை. நகரிக்காரி தன் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். ரயில்வேக்காரி இம்முறை மூக்கில் துணி கட்டிக்கொண்டாள். கழுத்து வலிக்க வலிக்க இரண்டு நாள் பறித்தும் 1,200 கிலோதான் சேர்ந்தது. அதை ஒரு சிறிய வண்டியில் சென்னைக்கு அனுப்பினோம். கிலோ 6 ரூபாய் கிடைத்தது. வாடகையும் கமிஷனும் போக, அப்பா 3,480 ரூபாய் கொண்டுவந்து தாத்தா கையில் கொடுத்தார். தாத்தா அதை எண்ணாமல் ஆயாவிடம் நீட்டினார்.

ஆயா சும்மா இருக்கவில்லை. தினம் இரண்டு கூடை காயைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார். கிளிமூக்கைப் பத்தை போட்டு, உப்பு மிளகாய்த்தூள் தடவி விற்றால் படியேறுவோர் விடுவார்களா? கூட்டம் அதிகமான நாட்களில் முந்நூறு, நானூறு ரூபாய் கொண்டுவருவார். நாங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட இருந்து அரிந்து கொடுத்தோம். எங்கள் பள்ளி விடுதிக்கும் சிஸ்டர் ஐந்து கூடை வாங்கிக்கொண்டார். விடுதி மாணவியர் அந்த மாதம் முழுவதும் மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டதற்கு என்னைத் திட்டியது எனக்குத் தெரியும். ஆனால் டன் கணக்கில் உள்ள காயைப் பத்தை போட்டு விற்றுத் தீர்க்க முடியுமா? மிச்சம் மரத்திலேயே பழுத்து உதிர்ந்தது. தோப்புக்குள் கால் வைத்தால் வழுக்கியது. புளித்த வாடை தெரு வரை வந்தது. வந்த ஆடுகளைத் தாத்தா விரட்டவும் இல்லை, எண்ணவும் இல்லை.

செப்டம்பரில் தோப்பின் மேற்கு ஓரத்திலிருந்த 12 கிளிமூக்கு மரங்களை வெட்டினார்கள். விறகாகப் போயிற்று. அப்பாவும் தாத்தாவும் பேசி வைத்துக்கொண்ட உடன்பாடு அது: பன்னிரண்டு போகட்டும், மற்றதை இன்னும் ஒரு கோடை பார்க்கலாம். வேறு நான்கு மரங்களின் தலையைத் தறித்துவிட்டு, துளிர்த்த கிளைகளில் பங்கனப்பள்ளி ஒட்டுக் கட்டியிருக்கிறார்கள். அடிமரம் கிளிமூக்கு, நுனி பங்கனப்பள்ளி. ஒட்டுப் போட்ட இடத்தை நூலால் சுற்றிக் கட்டியவள் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

இதை எழுதும் இப்போது தை மாதம். நின்ற மரங்களில் பூ வந்திருக்கிறது. எங்களுக்குப் பொதுத் தேர்வு முடிந்ததும் நால்வரும் தோப்புக்கு வருவதாகப் பேசி வைத்திருக்கிறோம். நகரிக்காரி இப்போதே ஆவக்காய்க்கு ஜாடி கேட்டிருக்கிறாள். போன ஆண்டுகளில் எல்லாம் இந்நேரம் தோப்பைக் குத்தகை பேச யாராவது இரண்டு பேர் வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். இவ்வாண்டு இன்னும் ஒருவரும் வரவில்லை. தாத்தா மருந்து வாங்கி வந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்.