கரிசலில் வண்டி ஓட்டுகிறவர்கள்

அச்சங்குளம் என்ற பெயரை வெளியூர்க்காரர்கள் பலர் முதன்முதலாகக் கேட்டது 2021 பிப்ரவரி 12 அன்றுதான். சாத்தூர் பக்கத்துச் சிற்றூரான அங்கே, பட்டாசு ஆலை ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். காயம்பட்டவர்களைச் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனார்கள். உராய்வு, உரிமம், இழப்பீடு என்று பல நாள் செய்தி ஓடியது. அந்தத் தொழிலாளர்களைத் தினமும் காட்டுக்குள் கொண்டுசேர்க்கிற வேன் ஓட்டுநர்களைப் பற்றி நான் படித்த எதிலும் ஒரு வரி இல்லை.

அவர்களிடம் என்னை அனுப்பிவைத்தவர் மதுரை நண்பர் ஒருவர். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வைத்திருக்கிறார். விடுமுறை கிடைத்தால் கூட்டாளிகளோடு ஏழெட்டு வண்டியாகக் கிளம்பி, சாலை இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டிப் பழகுகிறவர். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறுகிற கல்பாதையில், அங்குள்ள ஜீப் டிரைவர்களைப் பார்த்துத்தான் மலையேற்றம் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். "கல்லை மலைக்காரங்க சொல்லிக் குடுத்தாங்க. சேத்தைக் கத்துக்கணும்னா பட்டாசு ஆபீஸ் வேன்காரங்ககிட்டப் போங்க" என்றார். ஆலையைத்தான் அங்கே ஆபீஸ் என்பார்கள்.

நான் அச்சங்குளம் பக்கம் போனது தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒரு நாள். இரவு பெய்த மழை விடிவதற்குள் வெறித்துவிட்டது. மழை நாளில் ஆபீஸ் ஓடாது என்று நினைத்தால் அது வெளியூர்க் கணக்கு. செய்த வெடி காய வெயில் வேண்டும். பண்டிகையும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே ஐப்பசியில் வருகின்றன. ஆகவே வானம் வெளுத்தால் அன்றைக்கே ஆள் வந்தாக வேண்டும். ஆபத்தான தொழில் என்பதால் ஆலைகள் ஊரை விட்டுத் தள்ளி, கொட்டகைகளுக்கிடையே இடைவெளி விட்டுக் காட்டுக்குள் இருக்கின்றன. தார்ச்சாலை பாதி வழியில் நின்றுவிடும். மிச்சம் கரிசல்.

இந்த மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் மிகுதி. தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் சக்கரம் வெடிப்பில் இறங்கும். மழையில் மண் டயரின் பட்டன்களுக்குள் அப்பிக்கொள்ளும். பட்டன் நிரம்பிய டயர் மொட்டை டயர்தான். அதன்பிறகு எந்த வண்டியானாலும் வழுக்கும்.

தார் முடிகிற முக்கில் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. தனியாக யாரும் உள்ளே இறங்குவதில்லை. முதல் வண்டி மூத்தவருக்கு, கடைசி வண்டி அவருக்கு இணையான இன்னொருவருக்கு, புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்கள் நடுவில். அன்றைக்கு முதல் வண்டி, எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற மூத்த ஓட்டுநருடையது. ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய பழைய மஸ்தா வேனில் நான் முன்சீட்டில் இருந்தேன்.

ஓடைத் தாழ்வு வந்ததும் அண்ணாச்சி எஞ்சினை நிறுத்தினார். இறங்கச் சொல்வதற்கு முன்பே வேனில் வந்த பெண் தொழிலாளர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி ஓரமாக நடந்தார்கள். ஆளை வைத்துக்கொண்டு சறுக்கிப் பார்ப்பது தொழில் இல்லை என்பது அங்கே எழுதாத சட்டம். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கம்போடு முன்னால் நடந்தார். இடது தடத்தில் குத்திப் பார்த்தார், வலதில் குத்தினார். "அருகு படர்ந்த ஓரம் தாங்கும் தம்பி. கண்ணாடி மாதிரி மின்னுது பாருங்க, அது தாங்காது." போக வேண்டிய தடம் முழுவதையும் நடந்து முடித்த பிறகுதான் வண்டியில் ஏறினார்.

இரண்டாவது கியர். ஆக்சிலேட்டரில் கால் ஒரே சீராக இருந்தது. பிரேக்கைத் தொடவே இல்லை. வண்டியின் பின்பக்கம் ஒருமுறை இடதுபுறம் நழுவியபோது ஸ்டியரிங்கை லேசாக அந்தப் பக்கமே கொடுத்தார். வண்டி தானாக நேரானது. அக்கரை ஏறி, அடுத்த வண்டிக்குக் கை காட்டினார். ஒரு வண்டி முழுதாகக் கடந்த பிறகுதான் மறு வண்டி தாழ்வில் இறங்கியது.

மூன்றாவதாக வந்த பையனின் வேன் நடுவில் நின்றது. பயத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தான். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறித்தது. "காலை எடு! காலை எடுடா!" என்று அண்ணாச்சி கத்தினார். சேற்றுக்குள் இறங்கிப் போய் அவனிடம் முதலில் சொன்னது ஸ்டியரிங் பிடியைப் பற்றி: "கட்டை விரலை உள்ள கோக்காத. சக்கரம் பள்ளத்துல மோதினா ஸ்டியரிங் எகிறித் திரும்பும், விரலை முறிச்சிரும்." பின்னால் நின்ற வேனில் வடக்கயிறு கட்டி, வந்த வழியே இழுத்துவிட்டார்கள். பின்னால் இருப்பது ஏற்கெனவே தாங்கிய தரை, அதனால் சிக்கிய வண்டியை அந்தப் பக்கம் இழுப்பதே லேசு. அதே இடத்தை அவனையே மறுபடி ஓட்டவைத்தார்கள். வேறு யாரும் ஏறி ஓட்டிக் கொடுக்கவில்லை. அவன் கடந்தான்.

அக்கரையில் அண்ணாச்சி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சுரண்டியை எடுத்தார். தேய்ந்துபோன லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றைக் கொல்லுப்பட்டறையில் கொடுத்து, ஒரு முனையைத் தட்டையாக அடித்து, மறுமுனையில் கருவேலங்கைப்பிடி போட்டு வாங்கியது. மஸ்தாவின் பின்பக்கம் இரட்டைச் சக்கரம். இரண்டு டயருக்கும் நடுவே கரிசல் அடைத்துக்கொண்டால், காய்ந்தபின் கல்லைப்போல் இறுகி இரண்டையும் தேய்க்கும். அந்தச் சந்துக்குள் நுழையும் அகலத்துக்குத்தான் சுரண்டியின் நாக்கு அடிக்கப்பட்டிருக்கிறது. மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. பாளமாக மண் விழுந்தது. ஒட்டுத்துணியால் துடைத்து மீண்டும் சீட்டுக்கு அடியில் வைத்தார். ஆலை வாசலுக்குள் அந்தச் சுரண்டி போகாது. வெடிமருந்து புழங்கும் இடத்தில் பொறி தெறிக்கும் இரும்புக்கு வேலையில்லை. அங்கே மரம், பித்தளை, அலுமினியம்தான். வாசலைத் தாண்டி எனக்கும் அனுமதி இல்லாததால், உள்ளே நடக்கிற வேலையைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

அண்ணாச்சி இந்தப் பாதைக்குப் புதியவர் அல்ல. சின்னப் பையனாக, விடிவதற்கு முன் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டே போனவர். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் இந்த வட்டாரத்தில் அந்த பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. பையன் குச்சி அடுக்கினான். பஸ் சிக்கும்போதெல்லாம் இறங்கித் தள்ளினான். பிறகு அதே தடத்தில் கிளீனர். வண்டிக்கு முன்னால் கம்போடு நடப்பதுதான் கிளீனரின் வேலை. "வருசக்கணக்கா நடந்தேன் தம்பி. ஸ்டியரிங்கைத் தொடும்போது இந்தத் தரை பூரா என் காலுக்குத் தெரியும்." மதுரை நண்பர் கூட்டாளிகளோடு போய்ப் பழகும் ஓட்டமும் கற்றுத் தருவது இதைத்தான். தைரியம் வண்டியின் குதிரைத்திறனிலிருந்து வருவதில்லை. தரையை முதலில் காலால் அறிய வேண்டும். முன்னால் ஒருவர் வழிகாட்ட வேண்டும், பின்னால் ஒருவர் கயிறோடு நிற்க வேண்டும். தடுமாறிய இடத்தைத் தன் கையாலேயே கடந்து முடிக்க வேண்டும்.

இந்தத் திறமைக்குக் கிடைக்கிற மதிப்பைக் கேட்டால் வயிறு எரிகிறது. அண்ணாச்சி சொன்ன கணக்கு இது: ஆலைக்கும் வேனுக்கும் நடுவே ஏஜென்ட். நடைக்கு இவ்வளவு என்று பேசி, அதில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். டீசல், டயர், கிளட்ச் பிளேட் எல்லாம் வேன்காரர் தலையில். சேற்றில் சிக்கித் தாமதமானால் அதற்கும் பிடித்தம். ஒருநாள்கூட இந்த மண்ணில் கால் வைக்காதவர், மண்ணின் குற்றத்துக்காக டிரைவரின் கூலியை அறுக்கிறார். உரிமம் ஒருவர் பேரில், வேலை இன்னொருவர் கையில் என்று ஓடுகிற உள்குத்தகையும் இந்த வட்டாரத்தில் ஊரறிந்த விஷயம். கை மாற மாற லாபம் மேலே போகிறது. பொறுப்பு கீழே கீழே இறங்கி, கடைசியில் வெறுங்கையோடு இருப்பவரிடம் வந்து நிற்கிறது.

இது கூலிப் பிரச்சினை மட்டும் இல்லை. ஆலையில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் இதே ஓடைத் தாழ்வுதான் வழி. அவற்றை ஓட்டி வருகிறவர்கள் இந்தத் தரையை நடந்து பார்த்தவர்கள் இல்லை. நடந்து பார்க்க அவர்களுக்கு நேரமும் இருக்காது. கொட்டகைக்கும் கொட்டகைக்கும் நடுவே இத்தனை மீட்டர் என்று அளக்கிற நாடா, தார்ச்சாலையிலிருந்து ஆலை வாசல்வரை உள்ள கரிசலையும் அளக்கட்டும். உரிமம் பெறுகிறவர் அதில் சரளை கொட்டி, தாழ்வில் குழாய்ப் பாலம் போட்டுத் தரட்டும். வேன் வாடகை ஏஜென்ட் கை படாமல் டிரைவரின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். மாவட்டத்துத் தீயணைப்பு ஓட்டுநர்களை ஒரு மழைக்காலக் காலையில் அச்சங்குளத்துக்குக் கூட்டிவந்து, அண்ணாச்சி போன்றவர்களைச் சம்பளம் கொடுத்தே ஆசிரியராக வைத்து, இந்தத் தடங்களில் வரிசையாக ஓட்டப் பழக்கட்டும். கற்றுக்கொடுக்க அவர் தயார். நான் கேட்டபோது, "எப்ப வரச் சொல்றீங்க?" என்றுதான் திருப்பிக் கேட்டார்.