வெந்நீர் ஃபிளாஸ்க்கும் ஒரு நள்ளிரவு விமானமும்

குரோம்பேட்டை வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருக்கிறாள் தங்கை. கொதிக்க வைத்துக் கவிழ்த்திய பால் பாட்டில்கள், மூடியோடு நிப்பிள்கள், மூன்று அறை கொண்ட சின்ன அடுக்கு டப்பா, ஃபிளாஸ்க், பிரிக்காத பால் பவுடர் டின் ஒன்று. குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்திருக்கிறது. அதன் அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். நள்ளிரவுக்குச் சற்று முன்பு கிளம்பும் விமானத்தில் நாங்கள் மூவரும் போகிறோம். குழந்தை பிறந்த சில நாட்களிலேயே புட்டிப்பாலுக்கு வந்துவிட்டது. காரணம் அவளுக்கும் மருத்துவருக்கும் தெரியும். அதற்கு மேல் யாருக்கும் தெரியவேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

கைக்குழந்தையோடு பறப்பது பற்றி யாரிடம் கேட்டாலும், "பால் குடுத்துட்டே இரு, தூங்கிடும்" என்கிறார்கள். தாய்ப்பால் கொடுப்பவருக்கு அது சரியான யோசனை. புட்டிப்பால் குழந்தைக்கோ ஒவ்வொரு வேளையும் தண்ணீர், சூடு, சுத்தம், நேரம் நான்கும் ஒன்றுசேர வேண்டும். இதில் தண்ணீரின் சூட்டைப் பற்றித்தான் தங்கை அதிகம் கவலைப்படுகிறாள். அவள் கவலையில் நியாயம் இருக்கிறது.

டின்னில் அடைத்து வருவதால் பால் பவுடர் கிருமியே இல்லாதது என்று பலரும் நம்புகிறோம். அப்படி இல்லை. அரிதாகவே என்றாலும் குரோனோபாக்டர், சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பவுடரிலேயே இருக்கக்கூடும். பச்சிளம் குழந்தைக்கு அவை உயிராபத்து. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பவுடரைக் கலக்கும் தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது என்றது. கலந்ததும் பாட்டிலைக் குளிர்ந்த நீரில் வைத்துச் சீக்கிரம் ஆற்ற வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் புகட்டிவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். சில டின்களில், முக்கியமாக நல்ல பாக்டீரியா சேர்த்த வகைகளில், வெதுவெதுப்பான நீர் போதும் என்று அச்சிட்டிருக்கிறது. தங்கை இதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு, 70 டிகிரி என்றே முடிவு செய்துகொண்டாள். முந்தைய வாரமே ஃபிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றி, சமையல் வெப்பமானியால் சோதித்தும் பார்த்துவிட்டாள். விளிம்பு வரை நிரப்பினால் சூடு வெகுநேரம் தாங்குகிறது. பாதி நிரப்பினால் சீக்கிரம் இறங்கிவிடுகிறது.

கணக்கு எளிது. வீட்டிலிருந்து கிளம்பி சிங்கப்பூர் வீட்டுக்குள் நுழையும் வரை மூன்று வேளைப் பால் வேண்டும். தாமதத்துக்கென்று இன்னும் இரண்டு வேளை. ஒரு வேளைக்கு 150 மில்லி தண்ணீர், ஐந்து கரண்டி பவுடர். அடுக்கு டப்பாவில் மூன்று வேளைக்கு, தனி டப்பாக்களில் இரண்டு வேளைக்கு அளந்து போட்டாயிற்று. பாலாகக் கலந்து எடுத்துப் போகலாமே என்று அம்மா கேட்டார். கலந்த பாலை 5 டிகிரிக்கும் கீழே வைத்திருக்க முடிந்தால்தான் அது சரிப்படும். நள்ளிரவுச் சென்னையில், வரிசைகளில் நின்றுகொண்டு, ஐஸ் பையை நம்ப எங்களுக்குத் தைரியமில்லை. பவுடர் தனியாக, வெந்நீர் தனியாகப் போவதே நல்லது.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனை சீக்கிரமே முடிந்தது. அடுத்தது பாதுகாப்புச் சோதனை. தங்கை ஃபிளாஸ்க்கையும் டப்பாக்களையும் முதலிலேயே வெளியே எடுத்துத் தனித் தட்டில் வைத்துவிட்டாள். பையைக் கிளறவிட்டுப் பதில் சொல்வதை விட, நாமே முன்னால் எடுத்துக் காட்டுவது மேல். மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை அதிகாரி மூடியைத் திறக்கச் சொன்னார். ஆவி வந்தது.

"குழந்தைக்கா?"

"ஆமா சார், பால் கலக்க."

"எத்தனை மாசம்?"

"நாலு."

தலையசைத்து அனுப்பிவிட்டார். 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியில் கைக்குழந்தையின் உணவுக்கு விலக்கு உண்டு. இந்த விதியின் தொடக்கமே குழந்தைப் பாலோடு பின்னிக் கிடக்கிறது. 2006 ஆகஸ்டில், அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி லண்டனில் பிடிபட்டது. அன்று பிரிட்டனில் கைப்பையே ஏறக்குறையத் தடையானது. குழந்தைப் பால் மட்டும் போகலாம், ஆனால் ஒவ்வொரு பாட்டிலையும் கூட வருபவர் சுவைத்துக் காட்ட வேண்டும் என்றார்கள். அதன் பிறகுதான் 100 மில்லி அளவு வந்தது. அமெரிக்கா வரை போகிறவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 2018 முதல் 350 மில்லி அளவைத் தாண்டும் பவுடர்களைக் கைப்பையில் கொண்டுபோனால் கூடுதல் சோதனை உண்டு. குழந்தைப் பால் பவுடருக்கு அதிலும் விலக்கு இருக்கிறது. இவை தெரிந்திருந்தால் வரிசையில் நிற்கும்போது கை நடுங்காது.

பெண்களுக்கான சோதனைத் தடுப்புக்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தங்கை போனாள். அதற்குள் நான் பாட்டில்களைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன். ஒருவர் குழந்தைக்கு, ஒருவர் பொருட்களுக்கு என்று பிரித்துக்கொள்ள முடிந்தது எங்கள் நல்ல நேரம். தனியாக வரும் தாயை நினைத்துப் பார்க்கிறேன். தள்ளுவண்டியை மடக்கி எக்ஸ்ரேயில் ஏற்ற வேண்டும், குழந்தையை இடுப்பில் வைக்க வேண்டும், ஃபிளாஸ்க்கைத் திறந்து காட்ட வேண்டும். அத்தனைக்கும் இரண்டு கைகள்தான். அப்படி யாரையாவது பார்த்தால் பின்னால் நிற்பவர் தட்டையாவது நகர்த்திக் கொடுக்கலாம்.

விமானம் ஏற அழைக்கும் முன்பே முதல் வேளைப் பாலைக் காத்திருக்கும் இடத்தில் கலந்துவிட்டோம். கலந்த நேரத்தைத் தங்கை கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். எங்களுக்குக் கிடைத்திருப்பது தடுப்புச் சுவரை ஒட்டிய முன்வரிசை. தொட்டில் மாட்டுவது அங்கேதான். ஆனால் முன்வரிசையில் ஒரு சங்கடம் இருக்கிறது. காலடியில் பை வைக்க எதிர் இருக்கை இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாப் பையும் மேலே போயாக வேண்டும். தேவைப்படும் நேரத்தில் ஃபிளாஸ்க் மேலே பூட்டிக் கிடக்கும். அதனால்தான் கலந்த பாட்டில் கையில், துண்டு தோளில், மற்றதெல்லாம் மேலே என்று உட்கார்ந்தோம். பணிப்பெண் வந்து, தங்கையின் இடுப்புப் பட்டையில் கோக்கிற சின்னப் பட்டையைக் குழந்தைக்கு மாட்டிக் காட்டினார்.

கதவு மூடியாயிற்று. விமானம் நகரவில்லை. குழந்தைக்குப் பசி வந்துவிட்டது, வீறிட்டு அழுகிறது. பாட்டில் தங்கை கையில் இருக்கிறது, கொடுக்காமல் தோளில் தட்டிக்கொண்டே இருக்கிறாள். பார்ப்பவர்களுக்குக் கல்நெஞ்சம் போலத் தெரியும். விஷயம் காதில் இருக்கிறது. தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் விழுங்கும்போது திறக்கும். வெளியே காற்றழுத்தம் மாறும்போது அது திறந்தால் வலி இல்லை. கதவு மூடியதுமே புகட்டினால், ஓடுதளம் வருவதற்குள் பால் தீர்ந்து குழந்தை அசந்துவிடும்.

பக்கத்து வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, தாய்ப்பால் குடுக்கலையா? அதக் குடுத்தா அழாதே."

"இல்லம்மா, பாட்டில்தான்," என்றாள் தங்கை. முகம் சிறுத்துவிட்டது.

அந்த அம்மாள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் இந்தக் கேள்வி, பேருந்து, கல்யாண வீடு, மருத்துவமனை வரிசை என்று எங்கும் புட்டிப்பால் தாயைத் துரத்துகிறது. தாய்ப்பாலே சிறந்தது என்பதில் மறுபேச்சில்லை. பால் பவுடர் டின்னிலேயே அந்த வாக்கியம் கட்டாயம் அச்சிட வேண்டும் என்பது 1992-ஆம் ஆண்டுச் சட்டம். டின்னின் மேல் குழந்தைப் படம் போடக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது என்பதும் அதே சட்டம். அதற்கு முன்னோடி, 1981-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற விற்பனை நெறிமுறை. ஏழை நாடுகளில் கம்பெனிகள் புட்டிப்பாலைத் தள்ளிவிட்ட விதத்தால் குழந்தைகள் செத்தார்கள். அந்தக் கோபத்திலிருந்து பிறந்தவை இவை. நான் அந்தச் சட்டத்தின் பக்கம்தான். ஆனால் அது விற்கிறவரைக் கட்டிப்போட வந்த சட்டம். பாட்டிலும் கையுமாக நிற்கும் தாயை விசாரிக்கிற அதிகாரத்தை அது யாருக்கும் கொடுக்கவில்லை.

விமானம் ஓடுதளத்தில் திரும்பி நின்றது. இயந்திர இரைச்சல் கூடியதும் தங்கை நிப்பிளை வாயில் வைத்தாள். மேலே ஏறும் நேரம் முழுக்கக் குழந்தை சப்பிக் குடித்தது, அழவில்லை. கடைசியில் கொஞ்சம் மிச்சம். மூன்று மணி நேரம் கழித்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். கூடாது. குழந்தையின் எச்சில் பட்ட பாலில் கிருமி வேகமாகப் பெருகும். தங்கை அதைக் கழிவறையில் கொட்டிவிட்டு வந்தாள்.

தொட்டிலை மாட்டினார்கள். குழந்தை தூங்கியது. நடுவில் விமானம் குலுங்கியபோது பட்டை விளக்கு எரிந்தது. தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து மடியில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், அவ்வளவுதான் அந்த இடைவேளை.

மேலே போனதும் நான் கவனித்தது காற்று செய்யும் வேலையை. பயணிகள் அறைக்குள் இருக்கும் அழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போன்றது. தரையில் இறுக மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று மேலே விரியும். நிப்பிள் மாட்டிய பாட்டிலில் பால் இருந்தால் திறந்ததும் பீச்சியடிக்கும். அதனால்தான் தங்கை அடுத்த பாட்டில்களைக் காலியாகக் கொண்டு வந்திருக்கிறாள். ஃபிளாஸ்க்கைத் திறக்கும்போதும் மூடியை மெல்லத் தளர்த்தினாள், புஸ்ஸென்று காற்று போனது. உள்ளே வெந்நீர் என்பதால் இதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது.

விமானத்திலேயே வெந்நீர் கேட்டால் தருவார்கள். எட்டாயிரம் அடி அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். 70-ஐ எட்ட அது தடையில்லை. ஆனால் அது வருவது விமானத்தின் தொட்டியிலிருந்து. நான்கு மாதக் குழந்தைக்கு வீட்டில் கொதித்த தண்ணீர் கைவசம் இருக்கும்போது அதைத் தொட வேண்டாம் என்பது எங்கள் முடிவு. பணிப்பெண்ணிடம் நாங்கள் கேட்டது பெரிய கோப்பையில் ஐஸ் போட்ட தண்ணீர், பாட்டிலை ஆற்றுவதற்கு. அவர் கொண்டுவந்து கொடுத்து, "இறங்குறப்போ வேணும்னா முன்னாடியே சொல்லுங்க, விளக்கு எரிஞ்சா நாங்களும் உட்கார்ந்துடுவோம்," என்றார். அதைத்தான் இந்தப் பயணத்தின் மிகப் பயனுள்ள யோசனை என்பேன். ஏறுவதை விட இறங்கும்போதுதான் காது அதிகம் வலிக்கும். தரை தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். அறிவிப்பு வந்த பிறகு கலக்க ஆரம்பித்தால் நேரமிருக்காது.

திரையில் மலாக்கா நீரிணை தெரிந்தபோதே தங்கை எழுந்தாள். 150 மில்லி கோடு வரை வெந்நீர், அதன் பிறகு ஐந்து கரண்டி பவுடர். இந்த வரிசை மாறினால் பால் கெட்டியாகிவிடும். குலுக்கி, ஐஸ் தண்ணீரில் பாட்டிலை உருட்டி, மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். காது அடைக்கத் தொடங்கியதும் குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் புகட்டினாள். பாதியில் நிறுத்தி ஏப்பம் விட வைத்து, மறுபடியும் கொடுத்தாள். சக்கரம் தரையில் உரசியபோது பாட்டிலில் ஒரு விரற்கடைப் பால் இருந்தது.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் வெளியே ஓடவில்லை. முதல் மூன்று முனையங்களில் வருபவர்களும் போகிறவர்களும் ஒரே கூடத்தில் நடக்கிறார்கள். ஆகவே புறப்படுகிறவர்களுக்கான குழந்தைப் பராமரிப்பு அறைகளை வந்திறங்கியவர்களும் பயன்படுத்தலாம். டயப்பர் மாற்ற மேசை, கை கழுவத் தொட்டி, பக்கத்தில் சுடுநீர்க் குழாய். அந்தச் சுடுநீர்க் குழாயைப் பார்த்ததும் தங்கை முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பார்த்தேன். புட்டிப்பால் குடும்பத்தை நினைத்துக் கட்டிய அறை அது. பால் பாட்டில்களை அலசினோம், ஃபிளாஸ்க்கைக் காலி செய்து நிரப்பினோம். சிங்கப்பூர் நேரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால். அடுத்த வேளையைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், கடைசியாகக் குடித்ததிலிருந்து எண்ணிக்கொண்டாள்.

தங்கை கணவர் வெளியே காத்திருந்தார். அதே பெயர் போட்ட பால் பவுடர் டின் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்தார். அன்று மதியம் இரண்டு டின்களையும் மேசையில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். பெயர் ஒன்று, ஆனால் கரண்டியின் அளவு வேறு, ஒரு கரண்டிக்கான தண்ணீர் அளவும் வேறு. "நான்தான் கவனிக்காம வாங்கிட்டேன் போல," என்றார் அவர். "பேர் ஒண்ணா இருந்தா யாரும் அப்படித்தான் வாங்குவாங்க," என்று சொல்லிவிட்டு, புது டின்னின் கரண்டியை அதன் உள்ளேயே போட்டு மூடி, மேல் அலமாரியில் ஏற்றினாள் தங்கை. ஊரிலிருந்து கொண்டுவந்தது தீரும் வரை அதுவே. மாற்றுவதைப் பற்றி இங்குள்ள மருத்துவரைப் பார்த்துக் கேட்டுக்கொள்வதாகச் சொன்னாள்.