பெயின்ற் மணக்கிற படகு

எங்கள் கரையில் புதுப் படகு வாங்குகிற குடும்பங்கள் குறைவு. ஆரோ ஓடின படகுதான் பெரும்பாலும் வீட்டுக்கு வரும். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆன பிறகு, "போட்டை வித்திட்டு வேற வேலை பாப்பம்" என்ற கதை எல்லா வாடியிலும் கேட்டது. விற்கிறவர்கள் கூடினால், மறைக்கிறவர்களும் கூடுவார்கள்.

அப்பா படகு பார்க்கப் போன நாட்களில் நானும் பின்னால் போனேன். முதலில் பார்த்த படகு அப்பதான் நீலப் பெயின்ற் அடித்து மினுங்கியது. அப்பா பெயின்ற்றைப் பார்க்கவே இல்லை. எஞ்சின் தொங்குகிற பின்பலகைக்குப் போய், எஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். எஞ்சினோடு சேர்ந்து பலகையும் அசைந்தது. "உள்ளுக்குப் பலகை ஊறிட்டுது, வா போவம்" என்றார். பைபர் படகு என்றாலும் அந்தப் பின்பகுதிக்குள் அனேகமாக ஒட்டுப்பலகைதான் இருக்கும். போல்ற் ஓட்டைகளால் தண்ணீர் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே உக்கிவிடும். ஓட்டையைச் சுற்றி மண்ணிறக் கசிவு இருந்தால் அதுதான் அடையாளம்.

அடுத்தது உடம்பு. விரல் மொளியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். 'டொக்' என்று இறுகின சத்தம் வந்தால் நல்லம். ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் அங்கே பைபர் அடுக்குகள் விட்டுப்போயிருக்கலாம். கொப்புளங்கள், மூலைகளில் நட்சத்திரம் போல வெடிப்பு, ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ற், எல்லாவற்றுக்கும் காரணம் கேட்க வேண்டும்.

எஞ்சினைப் பார்க்கப் போகும்போது, "நாங்கள் வரும்வரை ஸ்ராட் பண்ணாதேங்கோ" என்று முதலே சொல்லிவிடுங்கள். போனதும் மூடியைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறின எஞ்சின் இலேசில் ஸ்ராட் ஆகாது என்பதை மறைக்கப் பார்க்கிறார்களோ என்று யோசியுங்கள். ஓடும்போது பின்னால் தண்ணீர் ஒரே சீராகப் பீச்ச வேண்டும். கியர் ஒயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. புறொப்பெல்லரின் அடியில் தங்கூசி சுற்றி, சீலை வெட்டியிருந்தாலும் இப்படி வரும். மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால், பெற்றோலில் எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றின பிறகும் நிற்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். கரையில் பரலுக்குள் ஓட்டிக் காட்டுவது காணாது. ஆட்களை ஏற்றிக் கடலில் அரை மணித்தியாலமாவது ஓட வேண்டும். மோட்டார்சைக்கிள் வழியில் நிண்டால் உருட்டிக்கொண்டு வரலாம். கடலில் என்ன செய்வது?

பேப்பரும் முக்கியம். படகில் எழுதியிருக்கிற பதிவு இலக்கமும் கடற்றொழில் திணைக்களப் பதிவும், எஞ்சின் இலக்கமும் பற்றுச்சீட்டும் ஒத்துப்போக வேண்டும். சங்கத்திலோ வங்கியிலோ கடன் நிற்கிறதா என்று விசாரிக்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது.

இவ்வளவும் ஆம்பிளையள் பார்க்கிற விசயம் என்றுதான் எங்கள் கரையில் நினைப்பு. இரண்டாவது படகைப் பார்க்க அம்மாவும் வந்தா. அடைவு வைக்கப்போவது அவவின் சங்கிலியை. ஆனால் படகைப் பற்றி அவவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா எஞ்சினோடு நிற்க, அம்மா குசினிப் பக்கம் போய் அந்த வீட்டு அக்காவோடு கதைத்தா. திரும்பி வரும்போது, அந்த வருசத்தில் மட்டும் எஞ்சின் இரண்டு தரம் கழற்றினது, ஒரு இரவு ஆக்கள் கயிறு கட்டி இழுத்து வந்தது எல்லாம் அவவுக்குத் தெரிந்திருந்தது. விற்றவர் இதில் ஒன்றையும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

மூன்றாவது படகைத்தான் வாங்கினோம். பெயின்ற் உரிந்த பழசு, பின்பலகை மட்டும் அசையவில்லை. பதிவு அப்பாவின் பெயரில் இருக்கிறது. அடைவுச் சீட்டு அம்மாவின் பெயரில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் படகு பார்க்கப் போனால், சீட்டு ஆரின் பெயரில் வரப்போகுதோ அவவையும் கூட்டிக்கொண்டு போங்கோ.