அட்டையில் ஒரு நேட்

தெர்மோகோலில் விமானம் செய்வது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சூடான கம்பியால் அறுத்து எமரித் தாளால் தேய்த்தால் முடிந்தது. தப்பு வந்தால் அதையும் தேய்த்தே மறைத்துவிடலாம். இந்த வருஷம் கொஞ்சம் திமிர் ஏறி, வெறும் சார்ட் அட்டையில் செய்து பார்ப்போமே என்று இறங்கினேன்.

எடுத்தது நேட் போர் விமானம். 1955-இல் இங்கிலாந்தில் முதலில் பறந்தது. பிறகு பெங்களூர் எச்.ஏ.எல்.லிலும் தயாரானது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரைத் தாக்க வந்த விமானங்களோடு மோதி நிர்மல்ஜித் சிங் செகோன் வீரமரணம் அடைந்தது இதில்தான். நம் விமானப்படையின் ஒரே பரம் வீர் சக்ரா அவருடையது. நீளம் 8.74 மீட்டர்தான், நம்ம டவுன் பஸ்ஸைவிடக் குட்டி! இருபதில் ஒரு பங்காக்கினால் ஏறத்தாழ 44 செ.மீ.

அட்டை ஒரு பக்கமாகத்தான் வளையும். இரண்டு பக்கமும் ஒருசேர வளைத்தால் மடிப்பு விழும். விமான உடலோ பானை மாதிரி. அதனால் கூம்பு, உருளை என்று துண்டு போட்டுத்தான் செய்யணும். டிராயிங் வகுப்பில் தூங்கி வழிந்துகொண்டே போட்டோமே டெவலப்மென்ட், அதேதான்! மூக்குக் கூம்புக்கு அடி ஆரம் 2 செ.மீ., சாய்வு நீளம் 6 செ.மீ. 360-ஐ 2-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 120 டிகிரி. அது சரியாகவே வந்தது.

அடுத்த உருளைதான் காலை வாரியது. உள்ளே 4 செ.மீ. விட்டத்தில் வட்டத் தட்டு, சுற்றளவு 12.57 செ.மீ. அளந்து வெட்டிச் சுற்றினால் ஓரமும் ஓரமும் முட்டவில்லை. ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. மறுபடி வெட்டினேன், அதே இடைவெளி. காட்டூர் கடையில் வாங்கிய அட்டை மூணு போச்சு.

எங்கப்பா ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை பார்க்கிறார். நாலாவது வரைதான் படித்தவர். சாப்பாட்டுத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஐ.டி.க்கு வெட்டியிருக்கே. திக்னஸ் எங்கடா? மீன் டயா பிடிக்கணும்."

"எங்கப்பா மீன் பிடிக்கப் போறீங்க?" என்றாள் தங்கச்சி.

வளைக்கும்போது தகட்டின் உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும், நடுக்கோடு மட்டும் மாறாது. அதனால் உள்விட்டத்தோடு ஒரு கனத்தைச் சேர்த்துத்தான் சுற்றளவு போடணுமாம். என் அட்டையின் கனம் 0.3 மி.மீ. 3.14-ஆல் பெருக்கிப் பார்த்தேன். 0.94... என்னை அழவைத்த அந்த ஒரு மில்லிமீட்டர்!

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். போன வருஷம் அப்பா என் டிராயிங் ஷீட்டை ஆசையாக எடுத்தபோது, "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா, அழுக்காக்காதீங்க" என்று பிடுங்கி வைத்தேன். அதில் இருந்தது ஒரு கூம்பின் டெவலப்மென்ட். அவர் தினமும் சாக்பீஸும் நூலும் வைத்துத் தகட்டில் போடுகிற அதே கூம்பு. ஞாபகம் வைத்திருந்தாரோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவி, வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இப்பத் தொடலாமாடா?" என்றார்.

பதினோரு மணிக்கு ஓரம் ஓரத்தோடு முட்டியது. இறக்கை இன்னும் ஒட்டவில்லை. நேட்டுக்கு இறக்கை கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே கோணம் வருகிற மாதிரி ஒரு தாங்கி செய்து தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓ.டி. இல்லை என்றால்.